எல்லா மாணவர்க்கும் உடற்கல்வி: ஆசிரியப் பயிற்சியின் பொறுப்பு

பள்ளிகளின் கால அட்டவணையில் வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று பாடவேளைகள் உடற்கல்விக்கென ஒதுக்கப்படுகின்றன. மணி அடித்ததும் வகுப்பு முழுவதும் ஆடுகளத்தை நோக்கி ஓடுகிறது. ஒரு மாணவன் மட்டும் வகுப்பறையிலேயே தங்கி மற்றவர்களின் பைகளைக் காத்துக்கொண்டிருக்கிறான். அல்லது மர நிழலில் அமர்ந்து புள்ளிகளைக் குறித்துக்கொண்டிருக்கிறான். அவனுக்குக் காலில் வலுக்குறைவு இருக்கலாம். பார்வை மங்கலாக இருக்கலாம். சொல்வதைப் புரிந்துகொள்ளச் சற்றுக் கூடுதலான நேரம் தேவைப்படலாம். அவனைக் களத்திலிருந்து விலக்கியவர் எவரும் கொடுமை செய்ததாக எண்ணுவதில்லை. விழுந்துவிடுவானோ என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். அடிபட்டால் பழி வருமே என்று தலைமையாசிரியர் அஞ்சுகிறார். எப்படி ஆடவைப்பது என்று உடற்கல்வி ஆசிரியருக்கு ஒருவரும் கற்பிக்கவில்லை. மூன்று அச்சங்கள் ஒன்றுசேர்ந்து அன்பு என்ற பெயரில் ஒரு குழந்தையை உட்காரவைத்துவிடுகின்றன.

வாரத்திற்கு இரண்டு பாடவேளை, ஆண்டிற்கு நாற்பது வாரம் எனக் கணக்கிட்டால், ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு முடிவதற்குள் 400 பாடவேளைகள் அம்மாணவன் உட்கார்ந்தே இருக்கிறான். கணிதத்தில் 400 பாடவேளைகளை ஒரு மாணவனுக்கு மறுத்தால் அது பெரும் குற்றமாகக் கருதப்படும். உடற்கல்வியில் மறுக்கப்படும்போது மட்டும் அது சலுகை எனப்படுகிறது.

நாளை ஊதலைக் கையில் ஏந்தி ஆடுகளத்தில் நிற்கப்போகும் பயிற்சி மாணவர்களும், அவர்களை நியமித்து மேற்பார்வையிடும் அலுவலர்களும் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி இதுவே. இச்சலுகையை உரிமையாக மாற்றும் ஆற்றல் எங்கிருந்து வரும்? சட்டத்திலிருந்து மட்டும் வராது. ஆசிரியப் பயிற்சியிலிருந்து வரவேண்டும்.

சட்டம் தந்துள்ள உறுதி

உடற்குறை உடைய குழந்தைகளைப் பொதுப் பள்ளிகளில் சேர்த்துக் கற்பிக்கும் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தை மைய அரசு 1974ஆம் ஆண்டில் தொடங்கியது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்றது. இந்தியா 2007ஆம் ஆண்டில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை உறுதி செய்தது. விளையாட்டு, பொழுதுபோக்கு ஆகியவற்றில் மாற்றுத்திறன் குழந்தைகள் மற்ற குழந்தைகளுக்குச் சமமாகப் பங்குபெற வேண்டும் என்று அவ்வுடன்படிக்கையின் 30ஆவது விதி கூறுகிறது. பள்ளி அமைப்புக்குள் நிகழும் விளையாட்டும் இதில் அடங்கும் என்பதையும் அது தனியே எடுத்துரைக்கிறது.

இதன் தொடர்ச்சியாக வந்ததே 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். இதில் குறைபாடுகளின் பட்டியல் இருபத்தொன்றாக விரிந்தது. இச்சட்டத்தின் 16ஆவது பிரிவு, அரசு நடத்தும் கல்வி நிறுவனங்களும் ஏற்புப் பெற்ற கல்வி நிறுவனங்களும் மாற்றுத்திறன் குழந்தைகளை வேறுபாடின்றிச் சேர்த்து, கல்வியோடு விளையாட்டு வாய்ப்புகளையும் மற்றவர்க்குச் சமமாக அளிக்க வேண்டுமென்கிறது. 30ஆவது பிரிவு விளையாட்டிற்கென்றே அமைந்தது. 47ஆவது பிரிவு, பள்ளி, கல்லூரி ஆசிரியர்களுக்கான கல்விப் பயிற்சிகள் அனைத்திலும் மாற்றுத்திறன் பற்றிய பாடம் ஒரு கூறாக இடம்பெற வேண்டுமெனப் பணிக்கிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், இக்குழந்தைகளுக்குக் கற்பிக்கும் முறை பற்றிய அறிவு எல்லா ஆசிரியர் கல்வித் திட்டங்களிலும் பிரிக்க முடியாத பகுதியாக இருக்க வேண்டுமென்று வலியுறுத்துகிறது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 2.68 கோடிப் பேர், அதாவது மக்கள்தொகையில் 2.21 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகள். ஏழு வகைகள் இருபத்தொன்றாக விரிவதற்கு முன் எடுக்கப்பட்ட கணக்கு இது. எனவே எந்த உடற்கல்வி ஆசிரியரும் தம் பணிக்காலத்தில் இம்மாணவர்களைச் சந்திக்காமல் இருக்க முடியாது. இம்மாணவர்கள் எங்கோ உள்ள சிறப்புப் பள்ளியில் படிப்பவர்கள் என்ற எண்ணம் காலம் கடந்துவிட்டது. அவர்கள் பக்கத்து வகுப்பில் இருக்கிறார்கள்.

பயிற்சி மரபும் அதன் குறையும்

நம் நாட்டில் உடற்கல்வி ஆசிரியப் பயிற்சிக்கு நீண்ட மரபுண்டு. 1920ஆம் ஆண்டில் ஹாரி குரோ பக் என்பவர் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இம்மரபின் தொடக்கம். 1957ஆம் ஆண்டில் குவாலியரில் இலட்சுமிபாய் கல்லூரி தோன்றியது. 2005ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் உடற்கல்விக்கும் விளையாட்டிற்கும் எனத் தனிப் பல்கலைக்கழகமே அமைந்தது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளால் உடற்கல்வி இளநிலைப் பட்டப் பயிற்சி இரண்டு ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது.

இம்மரபு பல சிறந்த வீரர்களையும் பயிற்றுநர்களையும் உருவாக்கியுள்ளது. ஆயினும் அதன் அடித்தளத்தில் ஓர் எண்ணம் உறைந்திருக்கிறது. குறையற்ற, வலுவான, ஒரே அளவான உடலே உடற்கல்வியின் அளவுகோல் என்பதே அந்த எண்ணம். வரிசையில் நின்று ஒரே எண்ணிக்கைக்கு ஒரே அசைவைச் செய்யும் கூட்டுப் பயிற்சியும், வெற்றிக் கோப்பையை நோக்கிய அணித் தேர்வும் இவ்வெண்ணத்தின் இரு வடிவங்கள். வரிசையைக் குலைப்பவனுக்கு முன்னதில் இடமில்லை. புள்ளி பெற்றுத் தராதவனுக்குப் பின்னதில் இடமில்லை.

குறைபாடு என்னும் சொல் பயிற்சிக் கல்லூரிகளில் அறவே கேட்காத சொல்லன்று. தட்டைப் பாதம், கூன் முதுகு, முட்டி இடித்தல் முதலியவற்றைச் சரிசெய்யும் திருத்தப் பயிற்சிகள் நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டு வருகின்றன. அவை பயனுள்ளவையே. ஆனால் திருத்தப் பயிற்சி வேறு, தகவமைக்கப்பட்ட உடற்கல்வி வேறு. திருத்தப் பயிற்சி குழந்தையின் உடலை மாற்ற முயல்கிறது. தகவமைக்கப்பட்ட உடற்கல்வி குழந்தையை அவன் இருக்கும் நிலையிலேயே ஏற்று, ஆட்டத்தை மாற்றுகிறது. இவ்வேறுபாட்டை உணர்வதே இத்துறையின் முதற்பாடம்.

உலக அளவில் இத்துறை அரை நூற்றாண்டுக்கு முன்பே உருப்பெற்றுவிட்டது. இதற்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 1973ஆம் ஆண்டில் கனடாவில் தோன்றியது. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் சிறப்புக் கல்வி என்பதன் இலக்கணத்திலேயே உடற்கல்வியைப் பெயர் சுட்டிச் சேர்த்தது. அதன்பின் அந்நாட்டின் பயிற்சி நிறுவனங்கள் இதனை விருப்பப் பாடம் என்று ஒதுக்க முடியவில்லை. நம் நாட்டிலும் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் மேல்நிலை உடற்கல்விப் பாடநூலில் சிறப்புத் தேவையுடைய குழந்தைகளுக்கான உடற்கல்வி ஓர் அலகாக இடம்பெற்றுள்ளது. பதினோராம் வகுப்பு மாணவன் தேர்வுக்காகப் படிக்கும் செய்தியை அவனுடைய ஆசிரியர் களத்தில் செய்து காட்ட இயலாதவராக இருப்பது முரணாகும்.

அறிய வேண்டியவை

ஆசிரியர் மருத்துவராக வேண்டுவதில்லை. ஆனால் எதை அஞ்ச வேண்டும், எதை அஞ்ச வேண்டியதில்லை என்று பிரித்தறியும் அறிவு அவருக்கு இன்றியமையாதது. அறியாமையிலிருந்து இரண்டு தீமைகள் விளைகின்றன: ஒன்று தேவையற்ற தடை, மற்றொன்று தேவையான எச்சரிக்கையைத் தவறவிடுதல்.

டவுன் நோய்க்குறியுடைய குழந்தைகளில் சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளின் இணைப்புத் தளர்ந்திருக்கும். மருத்துவர் பார்த்து ஒப்புதல் தரும்வரை குட்டிக்கரணம், தலைகீழாக நிற்றல், தலை முன்னாக நீரில் பாய்தல் ஆகியவற்றை அவர்களுக்கு அளித்தலாகாது. யோகாசன வகுப்பில் சிரசாசனத்திற்கும் இது பொருந்தும். ஆனால் இந்த ஒரு காரணத்தைக் காட்டி நடனத்தையும் பந்தாட்டத்தையும் அவர்களுக்கு மறுப்பது தவறு.

இரத்தம் உறையாமை நோயுள்ள மாணவனுக்குக் கபடியும் கால்பந்தும் ஆபத்தானவை, நீச்சல் ஏற்றது. அரிவாளணு இரத்தச்சோகை உள்ளவர்க்கு அடிக்கடி நீர் அருந்தவும், விரும்பும்போது நின்று இளைப்பாறவும் உரிமை இருக்க வேண்டும். அவன் சோம்பேறி என்று எண்ணி ஆசிரியர் மேலும் ஒரு சுற்று ஓடச் சொல்வதுதான் அங்கே ஆபத்து. இந்நோயை ஒழிக்கும் தேசிய இயக்கம் 2023ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. பழங்குடி மக்கள் வாழும் மாவட்டங்களில் பணியேற்கும் ஆசிரியர் இதனை அறிந்தே செல்ல வேண்டும். தசைச்சிதைவு நோயுள்ள மாணவன் களைப்படையும் அளவிற்கு உழைத்தல் கூடாது. கிட்டப்பார்வை மிகக் கடுமையாக உள்ளவர் தலையில் அடிபடும் ஆட்டங்களைத் தவிர்க்க வேண்டும். அவர்களுக்கு விழித்திரை விலகும் வாய்ப்புண்டு.

வலிப்பு நோய் பற்றிய அறியாமை மிகப் பரவலானது. மாணவனுக்கு வலிப்புக் கண்டால் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும், வாயில் எதையேனும் வைப்பதும், கைகால்களை அழுத்திப் பிடிப்பதும் கூடாதவை. சுற்றியுள்ள பொருள்களை அகற்றி, அவனை ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தால் மருத்துவ உதவியை நாட வேண்டும். இவ்வளவு தெரிந்த ஆசிரியரிடம் அந்த மாணவன் எஞ்சிய நாள்களெல்லாம் அச்சமின்றி ஓடலாம். நீச்சலின்போது மட்டும் உடனிருந்து கண்காணிக்க ஒருவர் வேண்டும்.

மறுபுறம், உட்கார்ந்தே இருப்பதும் ஒரு நோய்க் காரணமே. அசைவில்லாத மூட்டு இறுகுகிறது, உடற்பருமன் கூடுகிறது, பார்வையற்ற குழந்தைக்கு வெளியில் நடக்கும் துணிவே குறைகிறது. உலக நலவாழ்வு நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட உடலியக்க நெறிமுறைகள், 5 முதல் 17 வயது வரையுள்ள மாற்றுத்திறன் குழந்தைகளுக்கும் மற்றவர்களைப் போலவே நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடலுழைப்பைப் பரிந்துரைக்கின்றன. விலக்குச் சான்றிதழ் ஒன்றைக் கண்டதும் ஆசிரியர் கேட்கவேண்டிய கேள்வி, “இவனுக்கு எது கூடாது?” என்பதோடு முடியவில்லை, “இவனுக்கு எது கூடும்?” என்பதும் கேட்கப்பட வேண்டும். சான்றிதழ் வழங்கும் மருத்துவரிடம் இரண்டாவது கேள்வியைக் கேட்பவர் இல்லாததாலேயே முழு விலக்குகள் எழுதப்படுகின்றன.

ஆட்டத்தை மாற்றும் திறன்

தகவமைத்தல் என்பது விலையுயர்ந்த கருவிகளை வாங்குதல் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது நான்கு பொருள்களில் ஒன்றையோ பலவற்றையோ மாற்றுவதாகும்: ஆடும் இடம், செய்யும் செயல், பயன்படும் கருவி, உடன் ஆடும் ஆள். இந்நான்கையும் விரல்விட்டு எண்ணப் பழகிய ஆசிரியர் எந்தக் களத்திலும் திகைத்து நிற்கமாட்டார்.

உட்கார்ந்து ஆடும் கைப்பந்தாட்டம் உலக அளவில் முறைப்படுத்தப்பட்ட ஒன்று. அதன் ஆடுகளம் 10 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உடையது; வலையின் உயரம் ஆடவர்க்கு 1.15 மீட்டர், மகளிர்க்கு 1.05 மீட்டர். சிமெண்டுத் தரையோ, நன்கு பெருக்கிய மண்தரையோ, ஒரு கயிறோ போதும். வகுப்பு முழுவதும் அமர்ந்து ஆடலாம். அப்போது காலில் வலுக்குறைந்த மாணவனும் மற்றவரும் ஒரே நிலையில் இருக்கின்றனர். அனைவரும் நகர்வதற்குத் திணறும்போது, கைகளால் உடலை நகர்த்திப் பழகிய அவனே முந்துவதும் உண்டு.

பார்வையற்றோர்க்கான கோல்பால் என்னும் ஆட்டம் இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களின் மறுவாழ்வுக்காக 1946ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்டது. அணிக்கு மூவர், பந்தினுள் மணிகள், எல்லாருக்கும் கண்கட்டு. மணி பொதிந்த பந்து கிடைக்காத பள்ளியில், சாதாரணப் பந்தைச் சலசலக்கும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கட்டினால் அது உருளும் திசை காதுக்குத் தெரியும். பார்வையற்றோர் கிரிக்கெட்டில் குண்டுமணிகள் இட்ட பிளாஸ்டிக் பந்தைத் தரையோடு உருட்டி வீசுகின்றனர். இதில் நடந்த முதல் இருபது ஓவர் உலகக் கோப்பையை இந்திய அணி 2012ஆம் ஆண்டில் பெங்களூரில் வென்றது. ஓட்டப் பயிற்சிக்கு இரு கம்பங்களிடையே இழுத்துக் கட்டிய கயிறும் அதில் வழுக்கிச் செல்லும் வளையமும் போதும்; அல்லது உடன் ஓடும் நண்பனின் கையோடு இணைத்த சிறு நாடா போதும்.

நம் மண்ணின் ஆட்டங்களே இதற்கு மிகவும் ஏற்றவை. கோ-கோ ஆட்டத்தில் எட்டுப் பேர் அமர்ந்திருக்கின்றனர். பின்னாலிருந்து வரும் தொடுதலையும் “கோ” என்னும் குரலையும் கொண்டே அவர்கள் எழுகின்றனர். எழுவதற்குக் கண் தேவையில்லை. பார்வை மங்கிய மாணவனோடு ஒரு துணைவனை எழச் செய்தால் துரத்துவதும் இயலும். கபடியில் பாடி வருபவனின் குரலே அவன் நிற்கும் இடத்தைக் காட்டுகிறது. விரைவாக ஓட இயலாதவன் பாடிச் செல்லும்போது எதிரணியினர் ஐந்து எண்ணிய பின்பே பிடிக்கலாம் என்று ஒரு விதி சேர்த்தால் ஆட்டத்தின் விறுவிறுப்புக் குறைவதில்லை. இவ்விதிகளைக் குழந்தைகளையே வகுக்கச் சொல்வது மேலும் நன்று. தெருவில் ஆடும் சிறுவர்கள் தம்மினும் சிறியவனுக்கெனத் தனி விதி வகுத்து அவனையும் சேர்த்து ஆடுவதை எவரும் காணலாம்.

சில மாற்றங்கள் ஆசிரியரின் நடத்தையில் மட்டும் நிகழ்பவை. செவித்திறன் குறைந்த மாணவனுக்கு ஆசிரியரின் முகமும் உதடுகளும் தெரிய வேண்டும். எனவே ஆசிரியர் கதிரவனை நோக்கி நின்று பேச வேண்டும். கதிரவன் அவருடைய முதுகுப்புறம் இருந்தால் மாணவனின் கண் கூசும். ஆசிரியரின் முகம் நிழலாகிவிடும். ஊதலோடு ஒரு வண்ணக் கொடியையும் உயர்த்தினால் ஓட்டத் தொடக்கம் அவனுக்கும் ஒரே நொடியில் தெரியும். அறிவுசார் குறைபாடுள்ளவனுக்கு ஒருமுறைக்கு ஒரு கட்டளையே தர வேண்டும். சொல்வதினும் செய்து காட்டல் சிறந்தது. ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு ஊதலின் ஓசையே தாங்க முடியாததாக இருக்கலாம். உயர்த்திய கை அங்கே ஊதலாகிறது. நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே வரிசையில் வகுப்பைத் தொடங்குவது அவனுக்குப் பெரிய துணை.

அறுபது மாணவர்கள் உள்ள வகுப்பில் ஒருவனுக்காக இவ்வளவும் இயலுமா என்ற கேள்வி எழுவது இயல்பு. அது நேர்மையான கேள்வி. விடை இரண்டு பகுதிகளைக் கொண்டது. முதலாவதாக, மேற்கூறிய மாற்றங்களில் பெரும்பாலானவை அந்த ஒருவனுக்கு மட்டும் உதவுபவையல்ல. தெளிவான கட்டளை, பெரிய பந்து, சிறிய குழு, எளிதாக்கிய விதி ஆகியவை உயரம் குறைந்தவனுக்கும், பருமனானவனுக்கும், ஆட்டத்தில் விருப்பமில்லாமல் ஒதுங்குபவனுக்கும் வாயில் திறக்கின்றன. இரண்டாவதாக, ஒரு பந்தின் பின்னால் அறுபது பேர் ஓடும் வகுப்பு எவருக்கும் நல்ல வகுப்பன்று. மாற்றுத்திறன் மாணவனைச் சேர்க்க முயலும் ஆசிரியர், வகுப்பைச் சிறு குழுக்களாகப் பிரிக்கவும் சக மாணவரைத் துணையாசிரியராகப் பழக்கவும் கட்டாயப்படுத்தப்படுகிறார். அதனால் வகுப்பு முழுவதும் மேம்படுகிறது.

மனப்பான்மை எவ்வாறு மாறும்?

அறிவையும் திறனையும் விரிவுரையால் ஓரளவு தரலாம். அச்சத்தை விரிவுரையால் நீக்க இயலாது. இதற்கு உளவியல் தரும் வழிகாட்டல் தெளிவானது. கார்டன் ஆல்போர்ட் என்னும் அமெரிக்க அறிஞர் 1954ஆம் ஆண்டில் எழுதிய நூலில், இரு பிரிவினரிடையே தப்பெண்ணம் குறைவதற்கு வெறும் சந்திப்புப் போதாது என்றும், சமநிலை, பொதுவான குறிக்கோள், ஒத்துழைப்பு, மேலிடத்தின் ஆதரவு ஆகிய நான்கும் அமைய வேண்டும் என்றும் விளக்கினார். ஆல்பர்ட் பாண்டுரா 1977ஆம் ஆண்டில், தன்னால் இயலும் என்ற நம்பிக்கைக்கு வலுவான ஊற்று, தானே ஒரு செயலைச் செய்து வெற்றி கண்ட அனுபவமே என்று எடுத்துக்காட்டினார்.

இவ்விரு கருத்துகளையும் பயிற்சிக் கல்லூரிகளில் நிலவும் வழக்கங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். சிறப்புப் பள்ளி ஒன்றிற்கு ஒருநாள் சென்று, இனிப்பு வழங்கி, படம் எடுத்துத் திரும்பும் வழக்கத்தில் சமநிலையும் இல்லை, பொதுக் குறிக்கோளும் இல்லை. அதனால் வளர்வது இரக்கம் மட்டுமே. கண்களைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்து பார்க்கும் பயிற்சியிலும் ஓர் ஆபத்துண்டு. திடீரெனப் பார்வையை இழந்தவனின் தடுமாற்றத்தை அது காட்டுகிறது. பல்லாண்டு பழகிய பார்வையற்றவனின் தேர்ச்சியை அது காட்டுவதில்லை. அதைச் செய்து முடித்தவர், “ஐயோ, இவர்களால் எப்படி ஆட முடியும்?” என்ற முடிவுக்கே வரக்கூடும். அப்பயிற்சியைப் பார்வையற்ற வீரர் ஒருவரே முன்னின்று நடத்தி, தாம் செய்யும் முறையைக் கற்பித்தால் பலன் வேறாகும்.

மெய்யான வழி, பயிற்சி மாணவர் ஒருவர் ஒரே மாற்றுத்திறன் மாணவனோடு ஒரு பருவம் முழுவதும் வாரந்தோறும் பணியாற்றுவதாகும். முதல் வாரத்தில் அவனால் இயல்வதைக் கண்டறிந்து எழுதுதல், பெற்றோரையும் சிறப்புப் பயிற்றுநரையும் கலந்து ஒரு குறிக்கோளை வகுத்தல், வாரந்தோறும் முன்னேற்றத்தைக் குறித்தல், இறுதியில் அவனைப் பொது வகுப்பின் ஆட்டத்தில் சேர்த்தல் என அப்பணி அமையலாம். ஆறு மீட்டர் தொலைவிலிருந்து பந்தைப் பிடிக்க இயலாதவன் பருவ முடிவில் பிடிக்கும்போது, மாணவனோடு ஆசிரியரும் தேர்ச்சி பெறுகிறார். தாம் கற்பித்தது பலித்ததைத் தம் கண்ணால் கண்டவர் பின்னர் எந்த மாணவனையும் மர நிழலுக்கு அனுப்பத் துணியமாட்டார்.

பயிற்சியிலும் நிர்வாகத்திலும் செய்யத்தக்கவை

பயிற்சிக் கல்லூரிகள் இதனைத் தனித்தாளாக மட்டும் வைத்துவிட்டு அமைதி கொள்ளலாகாது. தனித்தாள் தேவை, ஆனால் கைப்பந்தைக் கற்பிக்கும் வகுப்பிலேயே உட்கார்ந்து ஆடும் கைப்பந்தும், தடகள வகுப்பிலேயே துணையோட்டமும், யோகாசன வகுப்பிலேயே நாற்காலியில் அமர்ந்து செய்யும் ஆசனங்களும் இடம்பெற வேண்டும். கற்பித்தல் பயிற்சியின்போது எழுதும் ஒவ்வொரு பாடக் குறிப்பிலும், “ஆட இயலாதவர் எவரேனும் உளரேல் அவருக்குரிய மாற்றம்” என ஒரு பத்தி கட்டாயமாக்கப்படலாம். புறத்தேர்வாளர் அதற்கு மதிப்பெண் வழங்கினால், அடுத்த ஆண்டே அப்பத்தி எல்லாக் குறிப்பேடுகளிலும் உயிர் பெறும். மதிப்பெண் இல்லாத எந்தச் சீர்திருத்தமும் பயிற்சிக் கல்லூரியில் நிலைப்பதில்லை என்பது அலுவலர்கள் நன்கறிந்த உண்மை.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடலும் விளையாட்டுக் கருவிகளும் தடையற்ற அணுகுவழியும் வேண்டுமென்கிறது. ஆனால் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநரை அது ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, நூற்றுக்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் பள்ளிகளுக்கே விதிக்கிறது. ஆகவே தொடக்கப் பள்ளியில் குழந்தையை ஆடவைக்கும் பொறுப்புப் பெரும்பாலும் வகுப்பாசிரியரையே சார்கிறது. ஓடவும் தாண்டவும் எறியவும் உடல் கற்கும் வயது அதுவே. எனவே தொடக்கக் கல்வி ஆசிரியப் பயிற்சியிலும் இப்பாடம் இடம்பெறாவிட்டால், உயர்நிலைப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் மிகவும் தாமதமாகவே தம் பணியைத் தொடங்குகிறார்.

பணியிலிருக்கும் ஆசிரியர்க்குக் குறுகிய காலப் பயிற்சிகள் தேவை. அவற்றை அரங்கில் நடத்தாமல் களத்தில், மாற்றுத்திறன் மாணவர்களின் பங்கேற்போடு நடத்த வேண்டும். வட்டார வளமையத்தின் சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் பள்ளிக்கு வரும் நாளும் உடற்கல்விப் பாடவேளையும் ஒன்றாக அமையுமாறு கால அட்டவணையைத் திருத்துவதற்குப் பணச் செலவு எதுவுமில்லை. ஓர் அலுவலரின் கையொப்பம் போதும்.

இன்னொரு கேள்வியும் எழுகிறது. மாற்றுத்திறனாளி ஒருவர் தாமே உடற்கல்வி ஆசிரியராக இயலாதா? உடற்கல்விப் பட்டப் படிப்பில் சேரப் பல இடங்களில் உடல்திறன் தேர்வு உண்டு. ஓட்டம், தாண்டல், எறிதல் ஆகியவற்றில் ஒரே அளவுகோலை வைத்துத் தேர்ந்தெடுக்கும்போது, கற்பிக்கும் திறன் மிகுந்த ஒருவர் வாசலிலேயே நிறுத்தப்படுகிறார். ஆசிரியரின் பணி தாண்டுவதன்று, தாண்டக் கற்பிப்பது. பாராலிம்பிக் வகைப்பாட்டைப் போன்று தேர்விலும் வகை வகுத்தல் இயலாத செயலன்று. சக்கர நாற்காலியில் அமர்ந்து வகுப்பை நடத்தும் ஓர் ஆசிரியர் பள்ளிக்குத் தரும் பாடம் எந்தச் சுற்றறிக்கையாலும் தர முடியாதது.

பதக்கமும் பாடவேளையும்

2021ஆம் ஆண்டில் நடந்த டோக்கியோ பாராலிம்பிக் போட்டிகளில் இந்தியா 19 பதக்கங்களையும், 2024ஆம் ஆண்டு பாரிஸ் போட்டிகளில் 29 பதக்கங்களையும் பெற்றது. சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு 2016இல் ரியோவில் உயரம் தாண்டுதலில் தங்கமும், டோக்கியோவில் வெள்ளியும், பாரிஸில் வெண்கலமும் வென்றார். ஐந்து வயதில் பேருந்து விபத்தில் வலக்கால் சிதைந்த அவரை உயரம் தாண்டுதலுக்கு ஊக்கியவர் பள்ளி உடற்கல்வி ஆசிரியரே. அந்த ஊக்கம் இல்லாதிருந்தால் அந்த மூன்று பதக்கங்களும் இல்லை.

ஆயினும் பதக்கங்களை மட்டும் சான்றாகக் காட்டுவதில் ஒரு பிழை நேர்ந்துவிடலாம். மாற்றுத்திறன் மாணவன் ஆடுகளத்திற்கு வரவேண்டியது அவன் நாளை பதக்கம் வெல்வான் என்பதற்காக அன்று. மற்ற மாணவர்களில் ஆயிரத்தில் ஒருவர்கூடப் பதக்கம் வெல்வதில்லை. அவர்களுடைய பாடவேளையை எவரும் பறிப்பதில்லை. மூச்சு வாங்க ஓடுதல், வியர்த்தல், தோற்றல், மறுநாள் வெல்லல், அணியில் ஒருவனாகத் தோளில் கைபோட்டு நிற்றல் ஆகியவை குழந்தைப் பருவத்தின் உடைமைகள். தகுதியை மெய்ப்பித்த பின் பெறவேண்டிய பரிசுகளாக அவற்றைக் கருதலாகாது.

சட்டம் தன் பங்கைச் சொல்லிவிட்டது. கொள்கையும் வகுக்கப்பட்டுவிட்டது. எஞ்சியிருப்பது களத்தில் நிற்கும் ஒருவரின் ஒரு நொடி முடிவு. வகுப்பு வரிசையாக வெளியே வரும்போது, கடைசியாகத் தயங்கி நிற்கும் மாணவனை நோக்கி, “நீ உட்கார்” என்று சொல்வதா, “நீ எந்த அணி?” என்று கேட்பதா என்பதே அம்முடிவு. இரண்டாவது கேள்வியைத் தயக்கமின்றிக் கேட்கவும், கேட்டபின் அவனை ஆடவைக்கவும் தெரிந்த ஆசிரியர்களை உருவாக்குவதே உடற்கல்விக் கல்லூரிகளின் கடமை. அதற்கு வழி திறந்துவிடுவது அலுவலர்களின் கடமை. வரும் கற்பித்தல் பயிற்சியின் முதல் பாடக் குறிப்பிலேயே இப்பணி தொடங்கலாம்.